பார்க்க வந்தால் பழுதாகாத கம்பியூட்டர்

ராத்தாவின் கம்பியூட்டர் ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்ததாம். நான் பார்த்தபோது பழைய பல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. ராத்தா என்பது என் மூத்த சகோதரி. கண்டக்குழியில், படகுத்துறைக்குப் போகும் பாதையோரம் அவருடைய வீடு. ராத்தாவின் கணவர், என் மச்சான், உயிரோடு இருந்தபோது ஜன்னலோர மேசையில் அதை வைத்து, ரியூசன் வகுப்புகளுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுத்தார்கள். மச்சான் மௌத்தான பிறகு, கணவனை இழந்தவர் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் இருந்தபடியே ராத்தா அந்த வேலையைத் தொடர்ந்தார். "இது போனா நானும் ரெண்டு பிள்ளைகளும் ஆருட கையையாவது பார்த்துக்கிட்டு இரிக்கணும்" என்று என்னிடம் சொன்னார்.

அது போகத்தான் பார்த்தது. முற்பகல் முழுக்க நன்றாக ஓடும். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ராத்தா உட்கார்ந்தால் திடீரென்று திரை கறுத்து அணைந்துவிடும். அடித்ததெல்லாம் போய்விடும். சற்று நேரம் விட்டுப் போட்டால் எதுவும் நடக்காததுபோல் எழும்பும். இத்தாவில் இருப்பவர் முன்னால் அந்நிய ஆண்கள் வரக்கூடாது. ஆகவே அது அணைவதைக் கண்ட ஒரே ஆண், கூடப்பிறந்த நான்தான். நானோ நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதவன்.

படுக்கை விரிப்பில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து மதுரங்குளிக்குக் கொண்டுபோனேன். அங்கே பழுது பார்க்கும் தம்பி மூடியைக் கழற்றித் தூசி தட்டினார். நினைவகத் தகட்டின் பித்தளை நிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்து மாட்டினார். தலைக்கு மேலே மின்விசிறி சுழல, பின்னேரம்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. "ஒரு நோயும் இல்ல நானா" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே ராத்தாவின் முன்னால் அணைந்தது.

மச்சானின் மூத்த சகோதரரைப் பெரிய நானா என்போம். கெட்ட மனிதர் அல்ல; ஆனால் எதையும் சீக்கிரம் தீர்மானித்துவிடுவார். "தம்பி இரிக்கக்குள்ள ஒருநாளும் நிக்காத சாமான். மனிசிக்குக் கவலை. கண்டதெல்லாம் செல்லுது" என்றார். "நானும் கண்டன்" என்றேன். "நீ அஞ்சாம் ஆண்டோட பள்ளிக்கூடத்த விட்டவன். கம்பியூட்டருக்குச் சாட்சி செல்ல வந்துட்டா" என்று சிரித்தார். கம்பியூட்டரைத் தன் கடைக்குக் கொண்டுபோவதாகவும், ராத்தாவின் செலவைத் தானே பார்ப்பதாகவும் சொன்னார். அந்தப் பரிவைக் கேட்டு ராத்தா அன்று சோறு தின்னவில்லை.

கடைசியாக ஒரு தடவை, பழுது பார்க்கும் தம்பியை வீட்டுக்கே வரச் சொன்னோம். பெரிய நானாவும் வந்தார். ராத்தா உள்ளறைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டார். ஆண்கள் உட்கார என்று நான் ஜன்னலையும் வாசல் கதவையும் திறந்துவைத்தேன். கடல் காற்று வந்தது. பிளேன்ரீ குடித்தோம். பின்னேரத் தொழுகையான அசர் நெருங்கும்வரை கம்பியூட்டர் அணையவே இல்லை.

"பார்த்தா? மெசினுக்கு ஒண்டும் இல்ல" என்று சொல்லிப் பெரிய நானா வயரைக் கழற்றக் குனிந்தார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. எதுவாக இருந்தாலும் என் மூலமாகவே சொல்லியனுப்பிக்கொண்டிருந்தவர், அன்று பழுது பார்க்கும் தம்பியிடம் நேரடியாகப் பேசினார்.

"தம்பி, அங்க கடதாசி படபடக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. நான் இரிக்கக்குள்ள ஒருநாளும் அது அசையாது. ஜன்னலப் பூட்டுங்க. கதவையும் பூட்டுங்க. நான் இரிக்கிற மாதிரி இருந்து பாருங்க."

"ராத்தா, நாங்க வெந்திருவோமே!" என்றார் அந்தத் தம்பி.

"வெந்துதான் பாருங்களேன்."

பூட்டினோம். மேலே அஸ்பெஸ்டஸ் கூரை. வினாத்தாள்கள் பறக்கும் என்று அந்த அறையில் மின்விசிறியும் போடுவதில்லை. கொஞ்ச நேரத்தில் பெரிய நானா சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். பிறகு தொப்பியைக் கழற்றி அதனாலேயே விசிறிக்கொண்டார். என் முதுகில் வியர்வை இறங்கியது.

திரை கறுத்தது.

"நிண்டுட்டு! ராத்தா, நிண்டுட்டு!" என்று அந்தத் தம்பி மாப்பிள்ளை ஊர்வலத்தைக் கண்ட பிள்ளைபோலக் கத்தினார். உள்ளேயிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று கேட்டது. ஒரு சாமான் பழுதானதற்கு இறைவனைப் புகழ்ந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

மூடியைக் கழற்றி, கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தார். நடுவிலுள்ள சிறிய விசிறி நின்றுபோயிருந்தது. விரலால் தள்ளினார், இறுகிக் கிடந்தது. உப்புக் காற்றிலும் மணல் தூசியிலும் தேய்ந்த விசிறி. குளிர்ச்சியில் சுற்றும், சூடேறினால் இறுகிவிடும் என்று விளக்கினார். மச்சான் இருந்த காலத்தில் ஜன்னல் எப்போதும் திறந்திருந்தது. வெளிக்காற்றே அந்தக் குறையை மறைத்திருக்கிறது. இத்தா தொடங்கிய நாளிலிருந்து, படகுக்குப் போகிறவர்கள் பார்ப்பார்கள் என்று ராத்தா அதைப் பூட்டியே வைத்திருந்தார். புதிய விசிறியோடு வருவதாகச் சொல்லி அந்தத் தம்பி மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

நான் ஜன்னலைத் திறக்கப் போனேன். பெரிய நானா கையைக் காட்டி நிறுத்தினார். நனைந்த சட்டையோடு கதிரையில் அப்படியே இருந்தார்.

"இதுக்குள்ளயா அந்த மனிசி தினமும் இருந்து அடிச்சது?" என்று என்னைக் கேட்டார். அதுவரை அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"ஓம்" என்றேன்.

மறுநாள் காலையில் பெரிய நானா தென்னோலை பின்னிய கிடுகுத் தட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் கம்பு நட்டு, தானே கட்டினார். பாதையில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாது. காற்று மட்டும் சுற்றி வரும். இன்று ராத்தா மடிக்கணினியில் வேலை செய்கிறார். அந்த ஜன்னலில் தட்டியும் இல்லை, பூட்டும் இல்லை. ஆனால் தட்டி கட்டிய அந்தப் பகலில், பறக்கத் தொடங்கிய வினாத்தாள்களின் மேல் சிப்பிகளை அடுக்கிவிட்டு ராத்தா அடிக்க உட்கார்ந்ததை நினைத்தால், இப்போதும் என் முதுகு குளிர்கிறது.