கலிப்பொலியில் விழுந்தவனுக்கு ஒரு படையல்

எழுபதுகளின் நடுப்பகுதி. அவுஸ்திரேலியாவில், மெரிலேண்ட்சில் நாங்கள் குடியேறிய முதல் வருடம். ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை டிவியில் ஊர்வலம் காட்டினார்கள். கிழவர்கள் நெஞ்சில் பதக்கம் குத்திக்கொண்டு நடக்கிறார்கள், வாத்தியம் முழங்குகிறது, சனம் கொடி ஆட்டுகிறது.

"சண்டையிலை வெண்ட நாள் போலை. பக்கத்து வீட்டு அன்ரியும் விடியவே கோட்டுப் போட்டுக்கொண்டு போனவா. நான் கேசரி கிண்டுறன்," என்றாள் மனைவி.

"பொறுமன், விசாரிச்சுப்போட்டு..."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் விசாரணைதான்!"

அன்ரி திரும்பி வந்ததும், முந்திரி தூவிய கேசரியோடு அவர் வாசலில் போய் நின்றோம். அன்ரி தனியாக வாழ்ந்த வெள்ளைக்கார அம்மா. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாழ்த்துச் சொன்னேன். அவர் தட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாங்கள் வெல்லவில்லையே," என்றார். "முதல் உலகப் போரில், துருக்கியில், கலிப்பொலிக் கரையில் எங்கள் பையன்கள் தோற்றுப்போய்ச் சத்தமில்லாமல் கப்பலேறி வந்தார்கள். என் அண்ணன் வரவில்லை."

உடலும் கிடைக்கவில்லையாம். அந்தக் கரையில்தான் இந்த நாடு பிறந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்களாம். அவருடைய தாய் மட்டும் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாராம்.

இழவு வீட்டுக்கு இனிப்போடு வந்திருக்கிறோம். மனைவி கூனிக்குறுகிப் போனாள். அன்ரி அவள் கையைப் பிடித்து உள்ளே இருத்தினார்.

"உடல் கிடைக்காதவர்களுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?"

ஆடி அமாவாசையில் விரதமிருந்து, போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைப்போம் என்றேன். காகம் எடுத்தால் அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது எங்கள் நம்பிக்கை.

"அண்ணனுக்கும் வைக்கலாமா?"

"ஓம் அன்ரி, வடிவா வைக்கலாம்," என்றாள் மனைவி. "அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம்?"

அன்ரி கேசரித் தட்டைப் பார்த்தார்.

"எனக்கு அப்போது ஆறு வயது. அவன் விசிலடிப்பது ஞாபகமிருக்கிறது. என்ன சாப்பிட்டான்..." என்று நிறுத்தினார். "கேட்பதற்கும் இனி யாருமில்லை."

அப்போதுதான் அழுதார்.

ஆடி அமாவாசை இங்கே கடுங்குளிரில் வரும். என் தகப்பனுக்குப் படைத்துவிட்டுத் தேவாரம் பாடினேன். அன்ரி ஒரு தட்டில் பாணும் ஜாமும் கொண்டுவந்தார். பிளம்ஸ் ஜாம். இரவெல்லாம் யோசித்தும் உறுதியில்லையாம். இரண்டு தட்டையும் பின்வளவு வேலியோரம் வைத்தோம்.

காகம் வந்தது. அப்பாவின் சோற்றைக் கொத்தியது. பாணுக்குக் கிட்டப் போய், தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது.

"முதல்தரம்தானே அன்ரி. வாற வருசம் எடுக்கும்."

"பிளம்ஸ் இல்லை," என்றார் அன்ரி. "அவனுக்குப் பிடித்தது வேறு ஏதோ."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஏப்ரலில் டிவியில் அதே வாத்தியம் முழங்கியது. அன்ரி இம்முறை கோட்டுப் போட்டுக்கொண்டு போகவில்லை; பக்கத்து வீட்டுத் திரைச்சீலை அன்று முழுக்கத் திறக்கப்படவில்லை.