‘குடும்பம்’ என்ற கட்டம்

மாதவி டீச்சர் அலுவலகத் தபால் தட்டில் இருந்த உறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மாணவி தாமரையின் வீட்டு முகவரி எதிலும் இல்லை.

“தேடாதீங்க டீச்சர்,” என்றார் அலுவலக எழுத்தரான கிராணி ருமானா. “லெட்டர் நேத்தே போயிடுச்சு. அவங்க அப்பாவுக்கு வாட்ஸ்அப்லயும் போட்டுட்டேன். வந்துகிட்டிருக்காராம் லா.”

“யாரு அனுப்பச் சொன்னது?”

“யாரும் சொல்ல வேணாம். உங்க பதிவேட்டுல ஒரே பிள்ளைக்கு மூணு தடவ ‘குடும்பம்’னு விழுந்தா அப்பா அம்மாவக் கூப்பிடணும். வருஷ ஆரம்ப மீட்டிங்ல சொன்னாங்களே, நீங்க இல்லையா?”

இருந்தார். மனநலப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்ததில் காதில் விழவில்லை.

சுங்கை வேயிலிருந்து கிள்ளானில் உள்ள இந்த இடைநிலைப்பள்ளிக்கு அவர் வந்துபோவது பதினோராவது வருஷம். வரலாறு கற்பித்தவரை மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பி ஆலோசக ஆசிரியராக்கினார்கள். அறைக்கு வரும் பிள்ளைகளைப் பதிவேட்டில் எழுத வேண்டும். காரணத்துக்கு நான்கு கட்டங்கள்: படிப்பு, குடும்பம், உடல்நலம், ஒழுக்கம். ஆலோசகரான முதல் வருஷம் ஜீவன் என்ற மாணவன் வந்து, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கிறது என்று சொல்லி அழுதான். எங்கே குறிப்பதென்று தெரியாமல் ‘ஒழுக்கம்’ என்று குறித்தார். அது நேராக ஒழுங்கு ஆசிரியரின் மேஜைக்குப் போனது. ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜீவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். அதிலிருந்து அப்படி வருகிற எல்லாருக்கும் ‘குடும்பம்’தான். யாரும் கேள்வி கேட்காத கட்டம்.

நான்காம் படிவ வகுப்பில் படிக்கும் தாமரைக்கும் மூன்று முறையும் அதையே போட்டார். அவளுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. வகுப்பில் எப்படியோ தெரிந்து, அவள் நாற்காலியை மட்டும் தள்ளிப் போட்டிருந்தார்கள். தூக்கம் போய்விட்டது. “செவ்வாய்க்கிழமை உங்களப் பாக்கலாம்னுதான் டீச்சர் ஸ்கூலுக்கே வரேன்,” என்றிருந்தாள்.

மாதவி துணை முதல்வர் திருச்செல்வத்தின் அறைக்குப் போனார்.

“சார், அவரை வர வேணாம்னு சொல்லிடுங்க. நான் தப்பாக் குறிச்சிட்டேன்.”

“அப்ப சரியானது எது? சொல்லுங்க, மாத்திடலாம்.” பேனாவைத் திறந்தார்.

“‘மற்றவை’னு ஒரு கட்டம் வைங்கன்னு மூணு வருஷமா எழுதிக் கேக்கிறேன் சார்.”

“வச்சா, அந்த மற்றவை என்னன்னு மேல கேப்பாங்க. நீங்க பதில் சொல்வீங்களா, நான் சொல்லவா?” சிரித்தார். “அப்பாதானே வரார், புலியா?”

தாமரையின் அப்பா லோகன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். வேலை உடுப்போடு வந்து துணை முதல்வர் அறையில் உட்கார்ந்தார். மகளை வகுப்பிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள்.

“என்ன டீச்சர், எங்க வீட்ல என்ன பிரச்சினை? நான் குடிக்கிறதில்ல, அடிக்கிறதில்ல. இவ அம்மாவுக்கு எங்கூட சண்ட போடக்கூட நேரமில்ல, ரெண்டு ஷிப்ட் வேலை.”

“பெரிசா ஒன்னுமில்ல அண்ணே. பிள்ளைக்குத் தூக்கம் சரியில்ல...”

“அதுக்கு நானா காரணம்?” மகள் பக்கம் திரும்பினார். “அப்படிச் சொன்னியா நீ?”

“இல்லப்பா.”

“அப்ப யாரு சொன்னது?”

பதில் ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னால் தாமரை இன்று வீட்டுக்குப் போக முடியாது.

“நான்தான் தப்பாப் புரிஞ்சுகிட்டேன்,” என்றார் மாதவி.

லோகன் ஒரு தாள் கேட்டார். தன் அனுமதியில்லாமல் மகளை இனி ஆலோசனை அறைக்குக் கூப்பிடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருச்செல்வம் அதை வாங்கிக் கோப்பில் வைத்தார்.

நடைபாதையில் மாதவி அவள் பின்னாலேயே போனார். “தாமரை, நான் உன்னைக் காப்பாத்தத்தான்...”

“எங்கப்பா நல்லவர் டீச்சர்,” என்றாள் அவள். “அவரப் போயி...”

முடிக்காமல் வகுப்புக்குள் போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாதவி ஏழு மணிக்குப் பள்ளிக்கு வந்தார். தாமரை காலை வரிசையில் நின்றாள், இந்தப் பக்கம் பார்க்கவில்லை. இரண்டாவது பாடவேளையில் மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி வந்து பத்து நிமிடம் எதுவும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனாள். பதிவேட்டில் இந்த முறை ‘குடும்பம்’ என்று போடாமல் ‘படிப்பு’ என்று குறித்தார். பிறகு ‘மற்றவை’ கேட்டு நான்காவது கடிதத்தைத் தட்டச்சு செய்து அலுவலகத்தில் கொடுத்தார். ருமானா தேதி முத்திரை குத்தித் தட்டில் போட்டார்.