கஞ்சிக்கும் கஞ்சாவுக்கும் நடுவில் அசனார்

நோன்பு மாதத்தில் மெல்பன் ஓரத்துக் கிரான்பர்ன் பக்கம் போய் அசனாரைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். “எந்த அசனார், கஞ்சி அசனாரா?” என்றுதான் பதில் வரும். அந்தப் பக்கத்தில் வேறு அசனார் கிடையாது. இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். அக்கரைப்பற்றில் பிறந்து, மெல்பனுக்கு வந்து, கோழித் தொழிற்சாலையில் விரல் விறைக்க நின்று, பிறகு ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கி, ஐம்பதைத் தாண்டிய மனிதருக்கு ஊர் பார்த்துக் கொடுத்த ஒரே பட்டம் அது.

பட்டம் சும்மா கிடைக்கவில்லை. வாடகைக்கு எடுத்த சமூக மண்டபத்தில் நோன்பு திறக்க வருகிற அத்தனை பேருக்கும் கஞ்சி அவர் கை. பச்சரிசி, உள்ளி, இஞ்சி, வெந்தயம், ரம்பை, கறிவேப்பிலை, எலும்போடு கொஞ்சம் இறைச்சி, கடைசியில் தேங்காய்ப் பால். இதெல்லாம் எல்லாரும் போடுவதுதான். ஆனால் அசனார் கிண்டினால் பக்கத்து ஜிம்முக்கு வருகிற வெள்ளைக்காரர்களும் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவார்கள். அகப்பையை வேறு யாரையும் தொட விடமாட்டார். மனைவி சபூரா ஒருநாள் உப்புப் பார்க்கத் தொட்டதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். வருடம் முழுக்க யாரோ ஒருவராக இருக்கிறவர் அந்த ஒரு மாதம்தான் ஊருக்கே அண்ணன், அசனார் நானா. அகப்பை போனால் அவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

மற்றப் பதினொரு மாதமும் அவர் எங்கே வேலை செய்கிறார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

பண்டகசாலையை மூடியபோது வேலை முகவர் ஒருவர் போன் எடுத்தார். கண்ணாடிக் கூடாரம், மருத்துவச் செடி, நல்ல சம்பளம் என்றார். மருத்துவச் செடி என்றால் ஆடாதோடை, கற்றாழை, மிஞ்சினால் துளசி என்று நினைத்துக்கொண்டு அசனாரும் ஓம் என்றுவிட்டார். முதல் நாள் போனால் முள்வேலி, இரட்டைக் கதவு, மூலைக்கு மூலை கமரா. ஆடாதோடைக்கு ஏனப்பா இவ்வளவு காவல் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனவருக்கு, மணம் மூக்கில் அடித்ததும் பாதி உயிர் போய்விட்டது. கஞ்சா! வரிசை வரிசையாக, ஆள் உயரத்துக்கு, விளக்கு வெளிச்சத்தில் ஜம்மென்று நிற்கிறது.

“எல்லாம் சட்டப்படி,” என்று மேலாளர் ட்ரேசி சுவரில் தொங்கிய அனுமதிப் பத்திரத்தைக் காட்டினாள். டொக்டர் எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடை கொடுக்கும், அவ்வளவுதான். நோவுக்கும் நித்திரைக்கும் இதைக் கேட்டு வருகிறவர்கள் கூடிக்கூடி, அசனார் சேர்ந்தபோது இருந்த ஒரு கூடாரம் இப்போது நான்காகிவிட்டது. கூடாரம் ஒன்று கூடினால் விதி பத்துக் கூடும். இலையை நிறுக்க வேண்டும், தண்டை நிறுக்க வேண்டும், தரையில் கூட்டிய தூசியையும் நிறுத்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும். கழிவறைக்குப் போகவும் அட்டையைக் காட்ட வேண்டும்.

ஒருமுறை அசனாரின் சட்டைப் பையிலிருந்து கறிவேப்பிலை ஒரு கொத்து விழுந்துவிட்டது. ஐயோ, அன்றைக்கு நடந்த கூத்து! “அடையாளம் தெரியாத தாவரப் பொருள்” என்று அதைக் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடி, நிறுத்து, படம் எடுத்து, அசனாரை ஓர் அறையில் இருத்தி ட்ரேசி விசாரித்தாள். சமையலுக்கு என்றார். எந்தச் சமையலுக்கு என்றாள். கஞ்சிக்கு என்றார். ட்ரேசி தலையை நிமிர்த்தி, “என்னது, கஞ்சாவுக்கா?” என்றாள். அங்கே வேலை செய்கிற இந்தியப் பையன்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்து விறுவிறுத்துவிட்டது.

வீட்டில் விஷயம் தெரிந்த அன்றே சபூரா தலையில் கை வைத்துக் குந்திவிட்டாள். “யா அல்லாஹ்! கஞ்சாத் தோட்டமா? ஊருக்குத் தெரிஞ்சா எண்ட மானம் போயிரும். இஞ்ச பாருங்க, ஆரும் கேட்டா மருந்துக் கம்பனி எண்டு செல்லுங்க.”

“பொய்யில்லத்தானே,” என்றார் அசனார்.

“பொய்யில்லாட்டியும் அதுக்கு மேல வாயத் திறக்காதீங்க.”

அப்படியே சில வருடம் ஓடியது. அசனாரை எண்ணெய்ப் போத்தல் பிரிவுக்கு மாற்றினார்கள். லேபல் இயந்திரம் பழுதாகிற நாளில் கையால் ஒட்டுவது அவர் பொறுப்பு. கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டுவார். ட்ரேசி திட்டுவாள், அவர் சிரிப்பார், அடுத்ததையும் கோணலாகவே ஒட்டுவார்.

இந்த வருட நோன்பில்தான் வந்தது வினை. மண்டபக் கமிட்டித் தலைவர் நௌஃபல் ஹாஜியார், பெரிய பலசரக்குக் கடைக்காரர். முழங்கால் வருத்தத்தால் கதிரையில் இருந்தபடிதான் தொழுவார். இந்த முறை பார்த்தால் ஆள் படியெல்லாம் விறுவிறென்று ஏறுகிறார். “சிட்டி எண்ணெய் எடுக்கிறன்,” என்று கேட்கிறவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னார். சிட்டியில் நல்ல முறிவெண்ணெய் விற்கிறார்கள் போல என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை, கஞ்சி குடித்துவிட்டுத் தராவீஹ் தொழுகைக்கு நின்றபோது, பின்வரிசையில் கர்ர்ரென்று ஒரு சத்தம். ஹாஜியார் பழைய பழக்கத்தில் கதிரையில் இருந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகள் தொழுகையை விட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தன. ஹாஜியாருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

இரண்டு நாள் கழித்துக் கமிட்டிச் செயலாளர் தன்ஸீல் வாட்ஸப் குழுவில் வழமையான அறிவித்தல் போட்டான். ஐடி படித்த பிள்ளை, தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிற பழக்கம். கஞ்சி என்று அடிக்கப் போய், கடைசியில் ஐ எழுத்துக்குப் பதிலாக ஏ விழுந்துவிட்டது. குழுவில் வந்த செய்தி இது: ‘இன்று மாலை அசனார் நானாவின் கஞ்சா கிடைக்கும். பாத்திரம் கொண்டு வரவும்.’

குழு சிரித்துப் புரண்டது. “எனக்கு ரெண்டு பாத்திரம்” என்றான் ஒருவன். “கூடிச் சாப்பிடுற சகன் தட்டுக்கும் வேணும்” என்றான் இன்னொருவன். அதோடு முடிந்திருக்க வேண்டிய பகிடி. ஆனால் வேலை முடிந்து காருக்குள் ஏறிப் போனைத் திறந்த அசனாருக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ போட்டுக் கொடுத்துவிட்டான் என்றே முடிவு கட்டினார். அந்தக் கணமே தன்ஸீலுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். தன்ஸீலுக்கென்று நினைத்துக் குழுவுக்கே அனுப்பினார்.

“தம்பி, அல்லாஹ் மேல ஆணையா, அங்கயிருந்து ஒரு இலையக்கூட நான் வெளிய கொண்டுவாறல்ல! மூலைக்கு மூலை கமரா இரிக்கி. தூசியையும் நிறுக்கிறவங்க விடுவாங்களா? கம்பனிக் கஞ்சா வேற, எண்ட கஞ்சி வேற! ஊருக்குத் தெரிஞ்சது சபூராவுக்கு மட்டும் தெரிய வேணா!”

காலை வணக்கப் பூ அனுப்புகிறவர்கள்கூட மூச்சு விடவில்லை. குழுவில் சபூராவும் இருந்தாள் என்பதை நான் வேறு சொல்ல வேண்டுமா?

அன்று மாலையே கமிட்டி கூடியது. நௌஃபல் ஹாஜியார் கைத்தடியால் தரையைத் தட்டினார். “எனக்கு அண்டைக்கே விளங்கிச்சு! பேரப்பிள்ளையள் பார்த்துச் சிரிக்கிற மாதிரி எனக்கு நித்திரை வந்த எப்பிடி? ஒரு கோப்பை குடிச்சன், கண் சொருகிச்சு. கஞ்சாக் கம்பனிக்காரன் கிண்டின கஞ்சி இனி இந்த மண்டபத்தில வேணா.”

“ஹாஜியார், நான் போடுற ஒரே இலை ரம்பையும் கறிவேப்பிலையும்,” என்றார் அசனார். கம்பனிக்குள் இலை கொண்டுபோனான் என்று அங்கே விசாரணை, கம்பனியிலிருந்து இலை கொண்டுவந்தான் என்று இங்கே விசாரணை. மனிதன் எங்கேதான் போவான்? தன்ஸீல் தலையைக் குனிந்துகொண்டு அகப்பையை வாங்கினான். வாங்கும்போது அசனார் ஒரு கணம் கையை விடவில்லை. பிறகு விட்டார்.

தன்ஸீலின் கஞ்சியைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பது நல்லது. யூடியூப் பார்த்துக் காய்ச்சினான். முதல் நாள் சுவரொட்டி ஒட்டலாம், அடுத்த நாள் முகம் கழுவலாம். ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தது. அசனார் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டிக்கு இந்தப் பக்கம், மேசையில், கோப்பையோடு இருந்தார். சபூரா பெண்கள் பக்கத்தில் யாரோடும் கதைக்காமல் பேரீச்சம்பழக் கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வராமல் விடலாமே என்று கேட்டதற்கு, “களவெடுத்தனமா ஒளிக்கிறதுக்கு?” என்று அவள்தான் அவரை இழுத்து வந்திருந்தாள். அந்த வார்த்தையில் அசனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று இடம் இல்லாமல் அவருக்குக் கிடைத்தது ஹாஜியாருக்குப் பக்கத்துக் கதிரை. பாங்கு சொன்னதும் ஹாஜியார் பேரீச்சம்பழம் கடித்தார், தண்ணீர் குடித்தார், பிறகு ஜுப்பாப் பையிலிருந்து சின்னக் கபில நிறப் போத்தல் ஒன்றை எடுத்துக் கஞ்சிக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார்.

இத்தனை நாளும் சட்டிக்குப் பின்னால் நின்ற அசனார் இதைக் கண்டதே இல்லை. போத்தலைப் பார்த்தார். லேபலைப் பார்த்தார். லேபல் கோணல்.

“ஹாஜியார்,” என்றார் மெதுவாக. “என்ன அது?”

“இதான் நான் சொன்ன சிட்டி எண்ணெய். வெறுமனே குடிச்சாக் கசக்கும். கஞ்சியில விட்டாத் தெரியா.”

அசனாருக்கு உச்சி குளிர்ந்தது. எழும்பி நின்று ஒரு கத்துக் கத்தினால் போதும், மண்டபமே திரும்பும். வாய்வரை வந்துவிட்டது. அவர் நல்லவர்தான், ஆனால் அவ்வளவு நல்லவர் இல்லை. அந்தக் கத்தை மனதுக்குள் இரண்டு தடவை கத்தியும் பார்த்தார். பிறகு ஹாஜியாரின் முழங்கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“ஆரு தந்த?”

“டொக்டர். போனில கதைச்சார். சீபீடி எண்ணெய் எண்டார். பார்சலில வந்திச்சு.”

“சீபீடி எண்டா என்ன?”

ஹாஜியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இது தெரியாதா உங்களுக்கு? சீபீடி எண்டா சிட்டிதானே! ரோட்டுப் பலகையெல்லாம் போட்டிரிக்கி. நான் வாரம் ஒருக்கா ட்ரெயின்ல போற இடம்!”

“அது வேற சீபீடி, ஹாஜியார். இது செடியில இருந்து எடுக்கிற.”

“என்ன செடி?”

அசனார் தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார்.

“என்ன செடி எண்டு கேக்கிறன்!”

“எண்ட கம்பனிச் செடி. இந்த லேபலும் நான் ஒட்டின. கோணல் தெரியுதா?”

ஹாஜியார் பக்கத்தில் கிடந்த அரிசி மூட்டையில் தொப்பென்று குந்தினார். தொப்பி நழுவியது. “அப்ப... கஞ்சியில... கஞ்சாவக் கலந்த...”

“நீங்கதான்.”

“பொலிஸ் பிடிக்குமா?”

“ஏன் பிடிக்கிற? டொக்டர் எழுதித் தந்த. இது வெறிக்கிற சாமானும் இல்ல, ஆளுக்கு ஆள் நித்திரைதான் வரும். மருந்து.”

“மருந்துதானே?” ஹாஜியார் அந்தச் சொல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “மருந்துதான், என்ன?”

“மருந்துதான்.”

“அப்ப உங்கட வேலையும் மருந்துக் கம்பனி வேலைதானே?”

“அதத்தானே மனிசன் தொண்டை கிழியச் சொன்னன்!” என்று அசனார் ஒரேயடியாகக் கத்திவிட்டார். கத்தியதும் மனம் லேசாகிவிட்டது. ஹாஜியாரின் தொப்பியை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். “பயப்படாதீங்க. மருந்து எடுக்கிறவங்கட பேர வெளிய செல்லப்படாது எண்டு கம்பனியில சட்டம். நான் ஒருத்தருக்கும் செல்ல மாட்டன்.”

ஹாஜியார் தொப்பியைத் தலையில் வைத்தார். பிறகு எழுந்து வெளியே போய், தன்ஸீலின் கையிலிருந்த அகப்பையைப் பறித்து அசனாரின் கையில் வைத்தார். ஏன் என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. தன்ஸீல்தான் முதலில் “அல்ஹம்துலில்லாஹ்” என்றான்.

குழுவுக்குச் செய்தியை ஹாஜியாரே தன் கையால் அடித்தார். அவரும் ஆங்கில எழுத்தில்தான் அடித்தார், அவருக்கும் விரல் தடித்த விரல்: ‘நாளை முதல் மீண்டும் அசனார் கஞ்சா. எல்லாரும் வரவும்.’ தலைவரைத் திருத்துகிற தைரியம் யாருக்கு இருக்கிறது? பெருவிரலை உயர்த்திக் காட்டும் படங்களாக வந்து குவிந்தன.

மறுநாள் வரிசை வாசல்வரை நின்றது. அசனார் சட்டிக்குப் பின்னால் நின்று ராஜா மாதிரி ஊற்றினார். ஹாஜியார் கோப்பையை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்று என்னவோ செய்தார். அசனார் பார்க்கவில்லை; பார்க்காமல் இருப்பதற்காகவே கஞ்சியை மும்முரமாகக் கிண்டினார்.

பெண்கள் பக்கத்தில் வென்ட்வேர்த்வில் என்ற வேறு ஊரிலிருந்து புதிதாகக் குடிவந்த ரினோசா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். “அன்ரி, உங்கட ஹஸ்பண்ட் எங்க வேலை?”

சபூரா அசனாரைப் பார்த்தாள். அவர் அகப்பையோடு சிரித்துக்கொண்டு நின்றார். அவள் தலையை நிமிர்த்தினாள்.

“கஞ்சாக் கம்பனியில,” என்றாள், மண்டபத்துக்கே கேட்கும்படியாக.

“ஓ, கஞ்சிக் கம்பனியா!” என்றாள் ரினோசா. “அதான் இவ்வளவு ருசி.”