மூன்றாவது குறி இல்லாத திங்கட்கிழமை

எங்கள் போர்டிங் அறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை உதேனி அக்கா படிப்பதுபோல நான் எந்தப் பாடப்புத்தகத்தையும் படித்ததில்லை. படித்திருந்தால், கணக்கில் மூன்று தடவை கோட்டை விட்டு, பதினெட்டு வயதில் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருக்க மாட்டேன். அக்கா கொலர் தைப்பாள். பதினோரு வருடமாக அதே லைன், அதே மெஷின்.

விடுமுறைத் தேதிக்குக் கீழே மூன்று குறிகள் வரை இருக்கும். ஒன்று அரசாங்கத்துக்கு, ஒன்று வங்கிக்கு, மூன்றாவது எங்களைப் போன்ற கம்பெனிக்காரர்களுக்கு. மூன்றாவது இல்லையென்றால் அந்தத் தேதி எங்களுக்கு வெறும் சிவப்பு மை. முழுநிலா நாளான போயாவுக்கு மூன்றும் உண்டு; அது சனியிலோ திங்களிலோ வந்தால் அக்கா அன்று எனக்கும் சேர்த்துத் தேநீர் போடுவாள். ஞாயிறில் வந்தால் நிலாவுக்குத்தான் ஏச்சு.

"வருஷம் முழுக்கச் சுத்துது, இதுக்கு ஞாயித்துக்கிழமைதான் கெடைச்சுதா?"

அவளுடைய மகள் நெதுமிக்கு எட்டு வயது. பிபிலையில் அக்காவின் தங்கை வீட்டில் வளர்கிறாள். பஸ்ஸில் ஒன்பது மணிநேரம். சனிக்கிழமை வேலை முடிந்து ஏறினால் ஞாயிறு விடியப் போய்ச் சேரலாம். மத்தியானமே திரும்பவும் ஏற வேண்டும். திங்களும் சேர்ந்தால்தான் நெதுமிக்கு அம்மா.

ஜனவரியில் அக்கா தொலைபேசியில் நல்ல தேதிகளை வாசிக்க, நெதுமி அவள் வீட்டு நாட்காட்டியில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருப்பேனா? தொலைபேசியைப் பறித்தேன்.

"நெதுமி, தீபாவளியும் திங்கக்கிழமைதான். அதுக்கும் அம்மா வருவாங்க. ரெண்டு வட்டமாப் போடு!"

அக்கா என் தலையில் ஒன்று போட்டாள். திருத்திச் சொல்வதற்குள் அழைப்பு அறுந்துவிட்டது. பிறகு இரண்டு பேருமே மறந்துபோனோம். தீபாவளிக்கு மூன்றாவது குறி கிடையாது என்பது எட்டு வயதுக்கு எப்படித் தெரியும்?

செப்டம்பரில் அக்காவின் தங்கை பேசினாள். விகாரையின் அறநெறிப் பாடசாலையில் பரிசளிப்பு விழா, அதே தீபாவளித் திங்களில். நெதுமிக்கு முதல் பரிசு. பரிசு வாங்கும் பிள்ளை மேடையில் அம்மாவின் காலில் விழுந்து கும்பிட வேண்டும். போன வருடம் சின்னம்மாதான் மேடை ஏறினாள். கூடப் படிக்கும் ஒருத்தி, "உனக்கு அம்மா இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள். இந்த வருடம் நெதுமி ரெட்டை வட்டத்தைக் காட்டி, விகாரையின் தேரரிடமே சொல்லிவிட்டாளாம், அம்மா வருவார் என்று.

நான் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். "நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லிடவா அக்கா?"

"வாயை மூடு நங்கி. எம் புள்ள வட்டம் போட்டு வச்சிருக்கா. நான் போறேன்." நங்கி என்றால் தங்கை; அக்கா என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

லீவு மிச்சமில்லை. நெதுமிக்கு டெங்கு வந்தபோதே எல்லாம் தீர்ந்துவிட்டது. மேற்பார்வையாளர் அபேசுந்தரவிடம் கேட்டதற்கு அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கொலர் நின்னா லைனே நிக்கும். உனக்கு மட்டும் லீவு தர முடியாது. வேணும்னா முப்பத்தெட்டு பேரையும் கூட்டிட்டுப் போ!"

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"ஒரு ஞாயித்துக்கிழமை முழு லைனும் வேலை செஞ்சு குடுத்தா, அந்தத் திங்கள் எங்களுக்கா, சேர்?"

"எல்லாரும் கையெழுத்துப் போட்டா மேல அனுப்புறேன். ஒண்ணு கொறைஞ்சாலும் கிழிச்சிடுவேன்."

ஞாயிறு எங்களுக்கு என்ன என்று அவருக்குத் தெரியும். துணி துவைக்க, தூங்க, காதலனைப் பார்க்க இருக்கிற ஒரே நாள். அக்கா கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, மேலே "உதேனியின் மகளுடைய பரிசளிப்புக்காக" என்று எழுதினாள். முதல் கையெழுத்து என்னுடையது. எனக்கும் அந்த ஞாயிறு நீர்கொழும்புக் கடற்கரையில் ஒருவன் காத்திருந்தான். அவனுக்குக் கடல் துணை இருக்கும்.

ஐந்து நாள், ஏழு போர்டிங். குளித்துக்கொண்டிருந்தவளைக் கதவுக்கு வெளியே நின்று பிடித்தோம். ஒருத்தி, "எனக்கென்ன லாபம்?" என்றாள்.

"ஒரு மாசம் உன் துணியை நான் துவைக்கிறேன்," என்றாள் அக்கா.

"இவ துவைச்சா போதும்," என்று அவள் என்னைக் காட்டினாள். என்ன செய்ய, துவைத்தேன்.

முப்பத்தேழு ஆயிற்று. கடைசி ஆள் யோகேஸ்வரி, ஹட்டன் பக்கத்துப் பெண். அக்காவுக்கு எதிர் மெஷினில் ஆறு வருடமாக உட்கார்ந்து பொத்தான் துளை போடுகிறவள். அதிகம் பேசமாட்டாள். தாளை இரண்டு தடவை வாசித்தாள்.

"அன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா அக்கா?"

"தீபாவளி."

"யாரோட தீபாவளி?"

அக்காவின் கண் தாளின் மேல் வரிக்குப் போயிற்று.

"ஆறு தீபாவளி இந்த மெஷின்லதான் எனக்கு. ஒரு தாள் எழுதலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க," என்றாள் யோகேஸ்வரி. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அக்கா தாளைத் திரும்ப வாங்கினாள். மேல் வரியை அடித்துவிட்டு, "யோகேஸ்வரியின் தீபாவளிக்காகவும் உதேனியின் மகளுக்காகவும்" என்று எழுதினாள். "முன்னாடியே கேட்டிருக்கணும் தங்கச்சி. எதிர்லயே இருந்தும் கண்ணு தெரியல."

யோகேஸ்வரி கையெழுத்தை முழுப் பெயராகப் போட்டாள்.

அபேசுந்தர தாளை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். கிழிக்கக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை. மேலே அனுப்பினார்; இரண்டு நாளில் சரி என்று வந்தது. தீபாவளிக்கு முந்தின வார ஞாயிறு முப்பத்தெட்டு பேரும் வேலைக்கு வந்தோம்.

தீபாவளித் திங்கள் காலை பதினொரு மணிக்கு, வாளிக்குள் அந்த ஒருத்தியின் துணி ஊறிக்கொண்டிருக்கும்போது, பிபிலையிலிருந்து அழைப்பு. நெதுமிதான்.

"அக்கா, அம்மா மேடையில அழுதுட்டாங்க. எல்லாரும் பாத்தாங்க, ஒரே வெக்கம்!"

"பரிசு என்னடி?"

"குடை. அக்கா, நீங்க வாயைத் தொறந்தா பொய்தான்னு அம்மா சொல்றாங்க. இது மட்டும் எப்படி நெசமாச்சு?"

சவர்க்காரக் கையால் கண்ணைத் துடைத்தது என் தப்பு. நன்றாக எரிந்தது.

செவ்வாய் காலை அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக லைனுக்கு வந்தாள். யோகேஸ்வரி கொண்டுவந்த முறுக்கை மூன்று பேரும் கடித்துக்கொண்டிருந்தபோது அக்கா அவளிடம் கேட்டாள்.

"அடுத்த வருஷம் தீபாவளி என்ன கிழமைன்னு பாத்தியா தங்கச்சி? எந்த ஞாயித்தைக் குடுக்கலாம்?"