வாசல் விளக்கை அணைத்த ஞாயிறு

மூன்று ஆண்டுகளுக்கு முன், திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு மாலை, புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த நான்கு வாரங்களும் காத்திருப்புக்கு உரியவை. அதை நான் சற்றுக் கண்டிப்பாகவே கடைப்பிடித்து வந்தேன். இருபத்து நான்காம் தேதி மாலைக்கு முன் ஸ்டார் கட்டுவதில்லை, குடில் வைப்பதில்லை. பச்சை இலை வளையத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். ஆனால் எங்கள் கோயில் இளைஞர்கள், டிசம்பர் பிறந்ததுமே குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் டிரம், கீபோர்டு, கிறிஸ்துமஸ் தாத்தா சகிதம் வீடு வீடாகப் பாடக் கிளம்பிவிடுவார்கள். “புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே தாலாட்டா?” என்று ஜெபக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அவர்களைக் கேட்டிருக்கிறேன். வண்டி தெருவுக்குள் வந்தால் வாசல் விளக்கை அணைத்துவிடுவேன். அவர்களும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அன்று மனைவி அரியாங்குப்பத்தில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளும்தான். மருமகனுக்கு பிரான்சில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தார். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. குழந்தையின் தலை கீழே திரும்பவில்லை, வலி கண்டால் உடனே கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். ஆஸ்பத்திரிப் பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. தூரத்தில் டிரம் கேட்டதும் வழக்கம்போல விளக்கை அணைத்தேன். மகிழ்ச்சியின் ஞாயிறு எனப்படும் அந்த மூன்றாம் ஞாயிறுக்கென்று வைக்கும் ரோஜா நிற மெழுகுவர்த்தியை ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தபோது, உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

“அப்பா... பனிக்குடம் ஒடஞ்சிடுச்சுப்பா.”

ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். கிளம்பிவிட்டது என்றார்கள், எப்போது வந்து சேரும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. தெரிந்த ஆட்டோக்காரரோ, மெயின் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, வண்டி அணைந்துவிடும் என்றார். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டு வைப்பவன் நான். அன்று கட்டி வைத்த பையைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் சும்மா நின்றேன். டிரம் சத்தம் எங்கள் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

குடைகூட எடுக்காமல் வண்டியின் பின்னால் ஓடினேன்.

“டேய், அங்கிள் வர்றாரு, நிறுத்துங்கடா!” என்றது ஒரு குரல். டிரம் அடங்கியது. “உங்க வீட்டாண்ட நாங்க நிக்கவே இல்லியே அங்கிள்...”

“திட்ட வரலப்பா. பொண்ணுக்கு வலி எடுத்துட்டுது. வண்டி வேணும்.”

அதற்குப் பிறகு யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கீபோர்டு எதிர்வீட்டுக்குப் போனது. வண்டி ரிவர்ஸில் வந்து எங்கள் வாசலில் நின்றது. தார்ப்பாய்க் கூரையின் கீழ் எங்கள் மெத்தையை விரித்து மகளைப் படுக்க வைத்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா தன் அங்கிக்குள் கையை விட்டு, தொந்திக்காகக் கட்டியிருந்த தலையணையை உருவினார். “இத வெச்சுக்குங்கக்கா.”

அந்த வலியிலும் மகள் சொன்னாள்: “உங்க வயிறு என் வயித்த விடப் பெருசா இருந்துது.”

சிரித்தவள் அடுத்த வலியில் என் கையை நெரித்தாள். நான் செபமாலையைத் தொடங்கினேன். பாதியில் வார்த்தை மறந்துபோனது.

மெயின் ரோட்டுத் தண்ணீரை வண்டி எப்படியோ தாண்டிவிட்டது. மழை விட்டிருந்ததால் சண்டே மார்க்கெட் கூட்டம் நேரு வீதி வரை வழிந்தது. வழி கேட்டு டிரம்மை அடித்தார்கள். அதுவே வினையாகிவிட்டது. கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்ததும் குழந்தைகளும் அவர்களைத் துரத்திய பெற்றோருமாக, மிட்டாய்க்காக வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். நாங்கள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. “அப்பா, முடியலப்பா” என்றாள் மகள். தாத்தா எழுந்து நின்றார். தன் மிட்டாய்ப் பையைத் தலைகீழாகப் பிடித்து, மொத்தத்தையும் நடைபாதைப் பக்கம் வீசினார். கூட்டம் அந்தப் பக்கம் பாய்ந்தது. வண்டிக்கு வழி கிடைத்தது.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டரம்மா, “பேத்தி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றார். பிறகு, “இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா...” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வராந்தாவில் ஈரம் காயாத உடைகளோடு அந்தப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். தாடியைக் கழற்றிய தாத்தா ஒல்லியான கல்லூரி இளைஞர். பவ்யமாகத்தான் கேட்டார்: “அங்கிள், அதான் புள்ள பொறந்துடுச்சே. இப்பத் தாலாட்டு பாடலாமா?”

தலையாட்டினேன். இரண்டு வரி பாடுவதற்குள் நர்ஸம்மா வந்து விரட்டிவிட்டார்.

இன்றும் இருபத்து நான்காம் தேதிக்கு முன் எங்கள் வீட்டில் ஸ்டார் ஏறுவதில்லை. ஆனால் டிசம்பரில் டிரம் கேட்டால் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே போய் நிற்கிறேன். நாம் எதிர்பார்த்துக் காத்திருப்பவர் எந்த வண்டியில் வந்து இறங்குவார் என்று நமக்கென்ன தெரியும்!