தோளை ஒளிக்கத் தெரிந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்கும்போது தொலைபேசி அடித்தது. எங்கள் நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மரியதாஸ் அண்ணை குடியிருந்த கட்டடத்தின் பராமரிப்பாளர். அண்ணை நித்திரையிலேயே போய்விட்டாராம். கடைசியாக அவர் அழைத்த எண் என்னுடையதாம். "நீங்கள் சொந்தமா?" என்று பிரெஞ்சில் கேட்டார். யோசிக்காமல் "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

எனக்கு அதே நகரத்தின் வில்லரே பகுதியில் பழைய பொருட்கள் விற்கும் கடை. ஒருமுறை ஒரு வீட்டைக் காலி செய்தபோது ஜப்பானிய மரஅச்சுப் படம் ஒன்று கிடைத்தது. நெற்றியில் ஊதாத் துணி வைத்த ஓர் அழகி. "ஜப்பானியப் பெண்" என்று அட்டை எழுதிக் கடையின் முன்கண்ணாடிக்குள் வைத்தேன். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து அவ்வழியே வந்த அண்ணை, பனிச் சப்பாத்தோடு உள்ளே வந்து சிரித்தார்.

"உது பொம்பிளை இல்லைத் தம்பி. ஆம்பிளை."

"அண்ணை கண்ணாடி மாத்த வேணும் போல."

"நான் மன்னாரில கூத்தில ராசாத்தி வேசம் கட்டினவன். தோளை எப்பிடி ஒளிக்கிறதெண்டு எனக்குத் தெரியும். இவனும் ஒளிக்கிறான், பார்."

விசாரித்தேன். சரிதான். ஜப்பானின் கபுகி நாடக மேடையில் பெண்ணாக நடித்த ஆண்கள் வழித்த முன்னந்தலையை அந்தத் துணியால்தான் மறைப்பார்களாம். அட்டையை மாற்றினேன்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் வந்து, தேத்தண்ணியோடு அந்தப் படத்துக்கு முன்னால் இருப்பார். தான் வேசம் கட்டி எடுத்த படங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன என்று ஒருநாள் சொன்னார். உண்மையைச் சொன்னால், நான் அதைக் காதில் வாங்கவில்லை. புதிய அட்டையைப் பார்த்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். விற்றுவிட்டேன்.

"வித்திட்டியோ?"

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்னபடியால்தான் விலைபோனது."

"அப்ப என்னை நானே வித்திருக்கிறன்" என்று சிரித்தார். தேத்தண்ணியைத் தொடாமல் போனார்.

பல வாரங்கள் வரவில்லை. வாங்கியவரிடம் படத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. பிறகு அண்ணையை வற்புறுத்தி வரவழைத்து, "அந்த ராசாத்தியை எனக்கு ஒருக்கால் காட்டுங்கோவன்" என்றேன்.

"இந்தக் குளிர்ச் சட்டையோடயோ?" என்றார். என்றாலும் இரண்டு அலுமாரிகளுக்கு நடுவே போய் நின்றார். தோள் இறங்கியது. கழுத்து நீண்டது. துப்புரவுத் தொழிலாளியைக் காணவில்லை.

கபுகி நடிகர் இறந்தால் அவருக்கென்று ஒரு பிரியாவிடைப் படம் அச்சிட்டு விற்பார்களாம். அண்ணையின் அஞ்சலி அறிவித்தலுக்கு ஆஸ்பத்திரி அடையாள அட்டைப் படம்தான் கிடைத்தது. இறுதி நிகழ்வுக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களில் ஒருவரும் அவரை வேசத்தில் கண்டதில்லை. மன்னாரில் கண்டவர்கள் யாராவது இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். தனியே நினைத்துக்கொண்டிருப்பது பாரமாக இருக்கிறது.

அவருடையது என்று சொல்ல என்னிடம் பொருள் எதுவும் இல்லை. அன்று அவர் அப்படி நின்றபோது, கதிரையில் இருந்த நான் யாரும் சொல்லாமலே எழுந்து நின்றேன். அது இருக்கிறது.