வெல்லத்துக்கு விழுந்த கைதட்டல்

என் அப்பாவுக்குப் பட்டிமன்றம் என்றால் உயிர். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் பிரிவில் வேலை. பஞ்சுத் தூசியால் வந்த இருமலுக்கு, ஷிப்ட் முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் சாப்பிடுவார். தூசி அதோடு இறங்கிவிடுமாம். மூக்கில் துணி கட்டுங்கள், நெஞ்சு டாக்டரைப் பாருங்கள் என்று நானும் சொல்லாத நாளில்லை. விலங்கியல் படிக்கிற மகளின் பேச்சு அவர் காதில் ஏறவில்லை.

எண்பதுகளின் நடுவில் எங்கள் கல்லூரியின் அறிவியல் மன்றத்தில், "பஞ்சுத் தூசிக்கு மருந்து வெல்லமா, வைத்தியமா?" என்று ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். வைத்தியத்தின் பக்கம் நான்.

"நீ மேடையில சொல்லு தாயி. சரின்னு பட்டா கேக்கேன்" என்று அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

நான் பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்பித்தேன். மூச்சுக்குழல், நுண்ணறை, சவ்வு என்று அடுக்க அடுக்கப் பின்வரிசை கொட்டாவி விட்டது. அடுத்து எதிரணி மாணவன் எழுந்தான். "வெல்லம் வேண்டாங்கிறவங்க பொங்கலுக்கு மாத்திரையா போட்டுப் பொங்குவாங்க?" என்றான். அரங்கமே அதிர்ந்தது. அப்பாவும் கைதட்டினார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நடுவரோ வழக்கம்போல யார் மனமும் கோணாமல், "வெல்லமும் வேணும், வைத்தியமும் வேணும்" என்று தீர்ப்புச் சொல்லி முடித்தார். பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்க இதென்ன அண்ணன் தம்பி பாகப்பிரிவினையா? அப்பா தனக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

தொண்ணூறுகளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். என் வகுப்பில் மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. அதற்குள் எனக்குப் பேச வந்துவிட்டது. ஒருநாள் மாலை, மறுநாள் நடத்தவேண்டிய பாடத்தை வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெல்லம் போறது சாப்பாட்டுக் குழாய். தூசி போறது மூச்சுக் குழாய். தெற்குத் தெருவுல குப்பையைக் கொட்டிட்டு வடக்குத் தெருவைப் பெருக்கினா குப்பை போகுமா?"

மில்லை விட்டு நின்று, நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் நிலையில் கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரம் ஆனது.

"ஏட்டி, அம்புட்டுத்தானா? இதை அன்னைக்கே இப்பிடிச் சொல்லியிருக்கப்படாதா? கேட்டிருப்பேனே."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் வகுப்பில் அதையே சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். மணி அடித்த பிறகு ஒரு பெண் மட்டும் மேசையருகே வந்து நின்றாள்.

"எங்கப்பாவும் கார்டிங்தான் மிஸ். இதை இப்படியே அவங்ககிட்டச் சொல்லவா?"

"இன்னைக்கே சொல்லு" என்றேன்.